சாலு

வீரலட்சுமிக்கு நீந்தத் தெரியும். நேராக நீந்தத்தான் தெரியாது.

இந்தச் சங்கதி முப்பத்தாறு வயதுவரை அவளுக்கே தெரியாது. சாத்தூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில் நாலு பக்கமும் கல் கட்டிய சதுரக் கிணறு. குதித்தால் இடது கைப் பக்கமாகவே சுற்ற வேண்டும். வலது பக்கம் சுற்றினால் பம்புசெட் குழாய் மண்டையைப் பதம் பார்த்துவிடும். அப்படியே சுற்றிச் சுற்றி வளர்ந்தவள். அண்ணாதுரைக்கு வாக்கப்பட்டு ஓசூருக்கு வந்து, மத்திகிரியில் வாடகை வீடு பிடித்து, வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மகள் யுவஸ்ரீயைப் பெற்று ஒன்பதாவது வரை கொண்டுவந்தும் விட்டாள். அந்தச் சுற்று மட்டும் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை. யார் கண்டார்கள்?

கண்டது அணைத் தண்ணீர்தான்.

போட்டிக்கு ட்ரையத்லான் என்று பெயர். முதலில் கிருஷ்ணகிரி அணையில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல். கரையேறி ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளைப் போட்டுவிட்டு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒரே மூச்சில். காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் பிற்பகல் மூன்றரைக்குள் முடித்தாக வேண்டும். நடுவில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு உண்டு. கெடு தாண்டினால் கணுக்காலில் கட்டிய நேரம் குறிக்கும் சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "வாங்கம்மா, இப்படி உக்காருங்க" என்று மரியாதையாக ஓரங்கட்டிவிடுவார்கள். கம்பெனி லைனில் நிற்கும் பெண்கள் இதற்கு வைத்த பேர் முக்கூட்டு.

இழுத்துவிட்டது மெஹக். அதே கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இன்ஜினியர், கிருஷ்ணகிரிப் பெண். கம்பெனி டூரில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனபோது பெண்களெல்லாம் குளத்தின் ஓரத்தில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு கூச்சல் போட, வீரலட்சுமி சுடிதாரோடு குதித்தாள். அவள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது, அவள் மட்டும் வெளியே வரவில்லை. மெஹக் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு மூச்சே வாங்கலையே" என்றாள். அந்த வார்த்தைதான் வினை. ஏற்கெனவே முக்கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், தான் புதிது வாங்கியதும் பழைய ரேஸ் சைக்கிளை இவளிடம் தள்ளிவிட்டாள்.

முதல் வருஷம் அணையில் இறங்கியவள் நிதானமாகத்தான் போனாள். கையும் காலும் சொன்னபடி கேட்டன. ஆட்களின் சத்தம் குறைந்தது. அட, எல்லாரையும் முந்திவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பரிசல்காரர் துடுப்பால் தண்ணீரைத் தட்டினார்.

"ஏம்மா, எங்க போறீங்க? மீன் வலைக்கா?"

தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆரஞ்சு மிதவைகளெல்லாம் வலது பக்கம் எங்கேயோ கிடந்தன. பக்கத்தில் கிணற்றுச் சுவர் இல்லையே, உடம்பு தானாகவே இடது பக்கம் வளைந்து வளைந்து மீனவர்களின் வலை வரைக்கும் கொண்டுபோய்விட்டிருந்தது. கரை சேர்ந்தபோது கெடு முடிந்து, சைக்கிள்களெல்லாம் புறப்பட்டுப் போயிருந்தன. சிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

அந்த வருஷம் முழுக்க வரிசை வீட்டில் இதே சிரிப்பாணிதான். வீட்டுக்காரி வெங்கடம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஐம்பத்தைந்து வயது, வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், குடியிருப்பவர்களிடம் தமிழ். மத்திகிரியைத் தாண்டி அவளுக்கு ரோஜாத் தோட்டமும் ஒரு பெரிய கிணறும் இருந்தன. வீரலட்சுமி பழகுவது அந்தக் கிணற்றில்தான்.

"ஏம்மா லச்சுமி, செக்கு மாடாட்டம் ஒரே பக்கம் சுத்துனா அப்பிடித்தான் ஆவும். இனிமே நான் பாத்துக்கறேன்."

மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து ரோஜாவைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டே, "மாத்து!" என்று கத்துவாள். வீரலட்சுமி வலது பக்கம் சுற்றுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "மாத்து!" பூ வெட்ட வந்தவர்கள் கத்தரியோடு கிணற்று மேட்டில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முழுக்கை பனியனும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு நீந்துகிற பொம்பளையை அவர்கள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? வீரலட்சுமி அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வருஷம் நேராக நீந்தினாள். எதிர்க்கரையில் ஒரு கரண்டு டவரைக் குறிவைத்து, நாலு வீச்சுக்கு ஒருதரம் தலை தூக்கிப் பார்த்து, மிதவை மாறாமல் கரையேறினாள். சைக்கிளும் நன்றாகவே போயிற்று. ஓட்டத்தில்தான் விழுந்தாள். வெயிலுக்குப் பயந்து கண்ட இடத்திலெல்லாம் வெறும் தண்ணீராகவே குடித்துத் தீர்த்திருந்தாள். உப்பு சுத்தமாக இறங்கிவிட்டது. முக்கால்வாசி ஓடியபின் ரோடு ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது அவளுக்கு. கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாதுரை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் அவன்தான் உலை வைத்தான். ஐந்தாம் நாள் ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்துக் கூப்பிட்டாள். தட்டைத் தள்ளிவிட்டான்.

"போதும் வீரா."

"என்னத்தப் போதும்? ஒரு வாய்கூட வைக்கலையே."

"சோத்தச் சொல்லலை. இந்த முக்கூட்டு போதும்ங்கேன்."

"இப்ப எதுக்கு அதை எடுக்கீக? சாப்பிடுங்க முதல்ல."

"எடுக்கத்தான் செய்வேன். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தேன்லா, அங்கன ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. ஒனக்கென்ன, படுத்துக் கிடந்த. எங்க அண்ணன் போன்ல கேக்கான், 'ஏலே, ஒம் பொண்டாட்டி என்ன ஒலிம்பிக்குக்கா போறா'ன்னு. அவன் கேட்டாக் கேட்டுட்டுப் போறான். எனக்கு நீ வேணும். யுவாவுக்கு நீ வேணும்."

அண்ணாதுரை கெட்டவன் இல்லை. சிப்காட்டில் கடைசல் மெஷின் ஓட்டுகிறவன். தன் மெஷின் சத்தம் லேசாக மாறினாலே மேஸ்திரியைக் கூப்பிட்டுவிடுவான். பயந்த சுபாவம். பெண்டாட்டி மேல் கொள்ளைப் பிரியம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் பாடு கஷ்டந்தான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றாள் வீரலட்சுமி.

"முடியாது."

"முடிக்காம விட்டா எனக்குச் செமிக்காதுங்க. லைன்ல எட்டு மணி நேரம் நிக்கேன், வயரை மடக்குதேன், கிளிப்பைப் போடுதேன், அடுத்த ஆளுக்குத் தள்ளுதேன். ஒரு வண்டியாவது முழுசா ஆகி ரோட்டுல போறதை நான் பாத்திருக்கேனா? எல்லாமே பாதி. இது ஒண்ணையாச்சும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நானே செஞ்சு முடிக்கணும். அதுக்குத்தான்."

அவன் தள்ளிய தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்தான். பிறகு உள்ளே எட்டி, "யுவா, இங்க வா" என்று கூப்பிட்டான். பத்தாவது படிக்கிற பெண் புத்தகத்தோடு வந்தாள்.

"சரி. ஒரே ஒரு தடவை. அந்த மூணரை மணிக்குள்ள நீ முடிக்கலேன்னா, இனிமே அந்தப் பேச்சே கிடையாது. தண்ணியில இறங்கக் கூடாது, சைக்கிளைத் தொடக் கூடாது, ஓடக் கூடாது. ஆயுசுக்கும். இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"என் தலைய எதுக்குப்பா நடுவுல இழுக்கறீங்க? நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட் இருக்குது."

"சும்மா நில்லு."

வீரலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டாள். மகள் தலையில் அடித்துச் செய்யும் சத்தியத்தைச் சும்மா வார்த்தையென்று எடுத்துக்கொள்கிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. பிள்ளை தலையில் கை வைத்துவிட்டு மீறிய தாயை அவர்கள் ஊரில் மனுஷியாகவே மதிக்கமாட்டார்கள். தோற்றால் எல்லாம் போச்சு. ஆனாலும் கையைத் தூக்கி யுவஸ்ரீயின் எண்ணெய்த் தலையில் மூன்று தட்டுத் தட்டினாள்.

"சத்தியமா. முடிக்கலேன்னா விட்டுருதேன்."

"ரெண்டாவது தட்டு கொஞ்சம் பலம்மா," என்று யுவஸ்ரீ தலையைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு அவள் பழகிய பழக்கத்தை மத்திகிரியே பார்த்தது. விடிவதற்குள் எழுந்து கால்நடைப் பண்ணை ரோட்டில் சைக்கிள். பனி மூடிய மரங்களுக்கு நடுவே போய்வரப் போய்வரக் காவலாளிக்குப் பழகிப்போய், "எக்கா, எங்க பண்ணை மாடே இன்னும் எந்திரிக்கல" என்று கேட்டைத் திறந்துவிடுவார். வந்து குளித்துக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் கிணறு. இரண்டாம் ஷிப்ட் என்றால் காலையிலேயே ஓட்டம். காலையில் ராகிக் கூழ், மதியம் கம்பெனிச் சோறு, மாலையில் அவித்த கடலை. உப்பு மாத்திரையை மெஹக் வாங்கித் தந்தாள். அதோடு காய்ந்த நார்த்தங்காய்த் துண்டையும் ஒரு காகிதத்தில் மடித்து முதுகுப் பைக்குள் வைத்துக்கொள்வாள். சாத்தூரில் அவள் அம்மா போட்டு அனுப்பியது. ஒரு துண்டை நாக்கில் வைத்தால் செத்த உடம்பும் எழுந்து உட்காரும்.

மழைக்காலத்தில் ஒருதரம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்தது. அண்ணாதுரை மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டான்.  

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் சொன்னான். "நான் வரலை. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் போட்டிருக்கேன்."

"வர வேண்டாம். திட்டாம இருந்தாப் போதும்."

"திட்டலை. ஒன்னைய மறுபடியும் ஸ்ட்ரெச்சர்ல பாக்க எனக்குத் தெம்பு இல்ல வீரா. அவ்வளவுதான்."

அவள் துணிமணியை எடுத்துவைக்க உள்ளே போனதும் அவன் நேராக வெங்கடம்மாள் வீட்டுக்குப் போனான். "அம்மா, நீங்க யுவாவைக் கூட்டிட்டுப் போறீக. ஒண்ணே ஒண்ணு. அவ தடுமாறுன மாதிரித் தெரிஞ்சா எனக்காக நிறுத்திப்போடுங்க. கையக் காலப் பிடிச்சாவது நிறுத்திருங்க."

"நீ கவலப்படாதே சாமி. நான் நில்லுன்னா அவ நிப்பா," என்றாள் வெங்கடம்மாள்.

மறுநாள் காலை அணைத் தண்ணீர் பச்சை வாடையோடு சில்லென்று இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் பளபளக்கும் உடுப்பில் நின்றார்கள். மெஹக் பக்கத்தில் வந்து அவள் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டாள்.

"பயமா இருக்காக்கா?"

"பயமெல்லாம் இல்ல. கொட்டாவி மட்டும் நிக்காம வருது."

"அதுக்குப் பேருதான் பயம்."

ஊதல் ஊதியதும் நூற்றுக்கணக்கான கைகால்கள் தண்ணீரை அடித்தன. யாரோ முகத்தில் உதைத்தார்கள். வீரலட்சுமி ஒரு மடக்கு அணைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, டவரைப் பார்த்து, வீச்சைப் போட்டாள். நாலு வீச்சு, தலை. நாலு வீச்சு, தலை. உடம்பு இடது பக்கம் கெஞ்சிற்று. விடவில்லை. போன வருஷத்தைவிடச் சீக்கிரமே கரையேறினாள். அதே பரிசல்காரர் அடையாளம் கண்டு, "வலைப் பக்கம் வராம போறீங்களேம்மா, மீனெல்லாம் தேடுது" என்று கத்தினார். சிரித்துக்கொண்டே சைக்கிளுக்கு ஓடினாள்.

சைக்கிள் பாதை நெடுஞ்சாலையின் ஓர ரோட்டில் காவேரிப்பட்டினத்தையும் தாண்டி வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டும். போகும்போது சுகமான இறக்கம். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இரண்டு பக்கமும் ஓடின. கூவிக்கொண்டே போகலாம் போலிருந்தது. திரும்பும்போதுதான் வந்தது வினை. பின் சக்கரம் உஸ்ஸென்றது. வேலிக்கருவை முள்.

ஓரமாக இறங்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். எதிரில் இருந்த டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நகரு தாயி, நான் பாக்கறேன்."

"அண்ணே, தொடாதீங்க! வெளியாளு தொட்டா என்னையப் போட்டியில இருந்து எடுத்துருவாங்க."

"என்ன கெரகம் பிடிச்ச போட்டி இது? மனுசனுக்கு மனுசன் உதவக்கூடாதா?"

"கூடாதுண்ணே. ரூலு."

"ஒரு டீயாச்சும் குடிப்பியா?"

"அதுவும் கூடாது."

டீக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பம்பைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். அவள் புது ட்யூபைத் திணிக்கத் திணிக்க, "அந்தப் பக்கம் மடங்குது பாரு. வாயால சொன்னா ஒண்ணும் ரூலு இல்லையே?" என்றார். வேர்வையில் கை வழுக்கிற்று. சக்கரம் மாட்டி ஏறியபோது கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டிருந்தது. அத்தோடு எதிர்காற்று வேறு. பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அழுகை வந்தது. அழுதால் உப்பு போகும் என்று அடக்கிக்கொண்டு மிதித்தாள். சைக்கிள் கெடு முடிய ஏழெட்டு நிமிஷமே இருக்கும்போது வந்து இறங்கினாள்.

இனி ஓட்டம். அணைக்கரை ரோட்டிலேயே மூன்று சுற்று. வெயில் நெற்றிப்பொட்டில் அடித்தது. முதல் சுற்று கால் தன் இஷ்டத்துக்கு ஓடிற்று. இரண்டாவது சுற்றில் நார்த்தங்காயை எடுத்து நாக்கில் வைத்தாள். மாத்திரையையும் போட்டாள். தலை சுற்றவில்லை. ரோடு சாயவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது சுற்றின் பாதியில் இடது ஆடுசதை கல்லாக இறுகிவிட்டது. ஒரு எட்டு வைத்தாள். மறு எட்டுக்கு ஐயோவென்று குனிந்துவிட்டாள். நொண்டினாள். நொண்டி நொண்டி நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கணக்கு அவளுக்கே தெரிந்தது.

யுவா தலையில் தட்டிய கை நினைவுக்கு வந்தது. முடிந்தது, இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். கிணற்று மேடு, பண்ணை ரோட்டுப் பனி, எல்லாம் இன்றோடு சரி. அப்போதுதான் அழுதாள்.

கடைசி வளைவில் புளியமர நிழலில் வெங்கடம்மாள் நின்றிருந்தாள். கூடவே யுவஸ்ரீ. வீரலட்சுமி கோணலாக வருவதைப் பார்த்ததும் வெங்கடம்மாளுக்கு அண்ணாதுரை சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. கையை விரித்துக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்தாள். யுவஸ்ரீ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓனரம்மா, தொடாதீங்க! தொட்டா அம்மா அவுட்டு!"

"விடு பாப்பா! உங்கப்பனுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறேன்!"

"தொடக் கூடாது! வாயால சொல்லுங்க!"

பதற்றத்தில் வெங்கடம்மாளுக்குத் தமிழ் மறந்துபோயிற்று. பெற்ற தாய் பேசிய பாஷைதான் வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சாலு தல்லி! சாலு! சாலு!"

தெலுங்கில் சாலு என்றால் போதும். போதும் தாயே, நின்றுவிடு என்கிறாள் அவள். பதினாறு வருஷம் குடியிருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். வெங்கடம்மாளுக்குக் காப்பி ஊற்றும்போதெல்லாம் கேட்ட வார்த்தைதான். ஆனால் மண்டை காய்ந்து கிடக்கிற நேரத்தில் காது எதை எடுக்கும், எதை விடும் என்று யார் சொல்ல முடியும்? கம்பெனியில் தினமும் ஷிப்ட் தொடங்கும்போது கன்னடக்கார லைன் லீடர் கையைத் தூக்கி ஆட்டிக் கத்துவார்: "சாலு! லைன் சாலு!" அங்கே சாலு என்றால் ஓடட்டும். ஸ்விட்சைப் போடு, ஆரம்பி என்று அர்த்தம். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் தூக்கக் கலக்கமோ காய்ச்சலோ, அவள் கை தானாக வயரை எடுத்துவிடும். இப்போது கால் எடுத்தது.

வீரலட்சுமி நிமிர்ந்தாள். இறுகிய ஆடுசதையைக் குனிந்து இரண்டு குத்துக் குத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"அய்யோ தேவுடா, ஏன் ஓடறா? சாலு லச்சுமி! சாலு!"

வெங்கடம்மாள் கத்தக் கத்த இவள் வேகம் கூடிற்று. தண்ணீர் கொடுக்க நின்ற கன்னடப் பையன்கள் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா ரோட்டோரம் நின்று இவ்வளவு உற்சாகமாகக் கத்துகிறாளே என்று அவர்களும் கப்பைத் தட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். "சாலு! சாலு!" லீவு நாளென்று அணை பார்க்க வந்த வடக்கத்திப் பையன்கள் ஒரு கூட்டம். அவர்களுக்கும் இது தெரிந்த வார்த்தைதான், இந்தியிலும் சாலு என்றால் ஓடட்டும். விசில் அடித்தார்கள். "சாலு! சாலு!" மீன் பொரிக்கும் கடைப் பெண்கள் கரண்டியால் சட்டியைத் தட்டினார்கள். ரோடு முழுக்க ஒரே சாலு.

"டேய், நிறுத்தச் சொன்னேண்டா நானு! நீங்க ஏண்டா ஓட்டறீங்க?" என்று வெங்கடம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரும் கேட்பதாக இல்லை. யுவஸ்ரீ சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அம்மாவுக்கு இணையாக ரோட்டோரம் ஓடினாள்.

வலி போகவில்லை. வலி பாட்டுக்கு இருந்தது, அவள் பாட்டுக்கு ஓடினாள். தோரணம் கட்டிய வளைவு தெரிந்தது. அதன் மேல் சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பே முடித்துவிட்ட மெஹக் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தாள். "வாங்கக்கா! வாங்கக்கா! இன்னும் மூணு நிமிஷம் இருக்கு!" வீரலட்சுமி அந்தக் கோட்டைத் தாண்டினாள். தாண்டியும் நிற்கத் தெரியாமல் இன்னும் பத்தடி ஓடினாள்.

கூட்டம் கைதட்டிற்று. மைக் பிடித்தவர் அவள் பெயரை வீரலச்மி என்று கடித்துத் துப்பினார். போகட்டும். மெஹக் பதக்கத்தைக் கழுத்தில் போட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "முடிச்சிட்டீங்க! முடிச்சிட்டீங்கக்கா!"

"ஆமா," என்றாள் வீரலட்சுமி. "முழுசா முடிச்சிட்டேன்." அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. யுவஸ்ரீ பிறந்தபோதுகூட வலியும் பயமும் கலந்திருந்தன. இது கலப்பில்லாத சந்தோஷம்.

இளநீர் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நீலச் சட்டை எட்டிப் பார்த்தது. கம்பெனிச் சட்டை, எண்ணெய்க் கறையோடு. அண்ணாதுரை.

"ஓவர்டைம்னீகளே?" என்றாள்.

"பாதியில மெஷினை ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன். ரெண்டாவது சுத்துல இருந்து ரோட்டோரமா மறைஞ்சு மறைஞ்சு ஒம் பின்னாலதான் வந்தேன்." அவன் முகம் வீங்கியிருந்தது. "நீ குனிஞ்சேல்லா, அப்ப ஓடிவந்து தூக்கிறலாம்னு ஒரு எட்டு வச்சேன். அதுக்குள்ள நிமிந்துட்ட."

"தூக்கியிருந்தா?"

 தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வலிக்கா?"

"கொல்லுது."

"வா, உக்காரு. இளநி வெட்டச் சொல்லுதேன்."

"அப்புறம் குடிக்கேன். முதல்ல இங்க வாங்க. சத்தியம் பண்ணுங்க."

"நானா? என்னன்னு?"

"இனிமே எங்கிட்டச் சத்தியம் கேக்க மாட்டேன்னு."

அண்ணாதுரை சுற்றிலும் பார்த்தான். மெஹக் நின்றாள். மகள் மூச்சு வாங்க வந்து நின்றாள். வெங்கடம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுல போய்ப் பண்ணுதேனே."

"இங்கதான்."

"யாரு தலையில?"

"என் தலைய வேண்டாம்ப்பா," என்று யுவஸ்ரீ இரண்டடி பின்னால் போனாள்.

"அவ தலை எதுக்கு?" என்றாள் வீரலட்சுமி. "இது என் சங்கதி. என் தலையிலயே பண்ணுங்க."

குனிந்து நின்றாள். வேர்வை காய்ந்து முடியோரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அண்ணாதுரை கையைத் தூக்கினான். தட்டுவதற்கு மனசு வரவில்லை அவனுக்கு. நாள் முழுக்க வெயிலில் வெந்த அந்தத் தலையில் உள்ளங்கையை மெதுவாக வைத்தான். சூடாக இருந்தது.

"கேக்க மாட்டேன்," என்றான்.

"கேக்கலை. சத்தமா."

மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஆளைக் கூப்பிடுகிற குரலில் அண்ணாதுரை கத்தினான்: "இனிமே ஒங்கிட்டச் சத்தியம் கேக்க மாட்டேன்! போதுமா?"

"போதும்," என்று வீரலட்சுமி தலையை நிமிர்த்தினாள்.